சுவர் எவ்வளவு ஒலியைத் தடுக்க வேண்டும்? வீட்டுவசதித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், நகர் ஊரமைப்பு இயக்ககம்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

அடுக்குமாடிக் குடியிருப்புகள், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றில் ஒரு சுவரும் ஒரு தளமும் ஒரு கதவும் எவ்வளவு ஒலியைத் தடுக்க வேண்டும் என்பதற்குக் கட்டாயமான அளவை வகுத்து, பணி நிறைவுச் சான்று வழங்குவதற்கு முன் அதைக் கருவி வைத்து அளந்து பார்க்கும் நடைமுறையைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். குடியிருப்புக் கட்டடங்களைக் கட்டும் பணியில் இருக்கும் பொறியாளன் நான். கட்டி முடித்துச் சாவி கொடுத்த பின் குடியேறியவர்களிடமிருந்து வரும் குறைகளில் நீர்க்கசிவுக்கு அடுத்தபடியாக நான் கேட்பது ஒலியைப் பற்றித்தான். நீர்க்கசிவைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். ஒலி அப்படியல்ல. பூச்சு வேலையும் டைல்ஸும் முடிந்த கட்டடத்தில் அதைத் திருத்துவது மிகக் கடினம். பல இடங்களில் இயலாது.

வெளியில் எழும் ஒலிக்கு நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல் (ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு), இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்துள்ளன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அறிவிக்கப்படும் அமைதி மண்டலத்துக்கு இது 50, 40 என்று இன்னும் குறைகிறது. விரும்பாத பேரொலியிலிருந்து விடுபட்டு வாழ்வது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒலிபெருக்கிக்கும் பட்டாசுக்கும் வாகன ஒலிப்பானுக்கும் எதிராக, நடைமுறையில் எவ்வளவு பலவீனமாக இருந்தாலும், காட்டுவதற்கு ஒரு விதியாவது இருக்கிறது.

ஒரே கட்டடத்துக்குள் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குச் செல்லும் ஒலியின் நிலை வேறு. விடியற்காலையில் மிக்ஸி ஓட்டிச் சட்னி அரைப்பவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. மேல்வீட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் முதியவரும், இரவில் அழும் கைக்குழந்தையும், தேர்வுக்காக உரக்கப் படிக்கும் மாணவியும் தங்கள் வீட்டுக்குள் தங்கள் வாழ்க்கையைத்தான் நடத்துகிறார்கள். ஆனால் இவற்றாலேயே அண்டை வீட்டாருக்கிடையே பேச்சு நின்றுபோகிறது, குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் சண்டை மூள்கிறது, காவல் நிலையம் வரைகூட விவகாரம் போகிறது. சங்கத்தார் 'சத்தம் போடாதீர்கள்' என்று அறிவிப்புப் பலகை மாட்டுகிறார்கள். மனிதரை அடக்கிக் கட்டடத்தின் குறையை ஈடுகட்டப் பார்க்கும் முயற்சி அது. குறை சுவரில் இருக்கிறது, தளத்தில் இருக்கிறது. அதைக் கட்டிய எங்களிடம் இருக்கிறது. அதற்கு அளவு வைக்காத விதியிலும் இருக்கிறது என்பதை மரியாதையோடு சொல்ல வேண்டியுள்ளது.

இதற்கான அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. தொழிற்சாலை அல்லாத கட்டடங்களின் ஒலித்தடுப்புக்கென்று ஐஎஸ் 1950 என்னும் நெறிமுறையை 1962ஆம் ஆண்டிலேயே இந்தியத் தர நிறுவனம் வெளியிட்டது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் எட்டாம் பாகத்தின் நான்காம் பிரிவு முழுவதும் ஒலியியலுக்காகவே ஒதுக்கப்பட்டுள்ளது. 2019ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி பக்க இடைவெளி, தளப்பரப்புக் குறியீடு, வாகன நிறுத்துமிடம், மழைநீர்ச் சேகரிப்பு, தீயணைப்பு வசதி ஆகிய அனைத்தையும் அலுவலர்கள் வந்து அளந்தும் பார்த்தும் செல்கிறார்கள். இரண்டு வீடுகளுக்கு நடுவே நிற்கும் சுவரின் ஒலித்தடுப்பை அளக்க ஒருவரும் வருவதில்லை. அளக்கப்படாத ஒன்றுக்கு ஒப்பந்ததாரர் பணம் ஒதுக்க மாட்டார் என்பது இத்துறையில் உள்ள அனைவருக்கும் தெரிந்த செய்தி.

சுவர் ஒலியைத் தடுப்பது முதலில் அதன் எடையால்தான். ஒரே அடுக்காக உள்ள சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால், கோட்பாட்டின்படி சுமார் 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஏறத்தாழ 50 டெசிபல் வரை ஒலியைக் குறைத்துவிடும். நம் பழைய வீடுகளில் இருந்த அமைதிக்கு அந்தத் தடிமன் ஒரு பெருங்காரணம். இன்று இடத்தை மிச்சப்படுத்தவும் கட்டடத்தின் சுமையைக் குறைக்கவும் நாலரை அங்குலச் சுவருக்கும், காற்றுத் துளைகள் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கல்லான ஏஏசி கல்லுக்கும் மாறியிருக்கிறோம். ஏஏசி கல் வெப்பத்தை நன்றாகத் தடுக்கும், வேலையும் விரைவாக முடியும். அதைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆனால் அதன் அடர்த்தி செங்கல்லின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதே தடிமனில் கட்டினால் ஒலித்தடுப்பு குறைவது இயற்பியல் விதி. ஒரே வீட்டின் இரண்டு அறைகளுக்கு நடுவே அத்தகைய சுவர் போதும். வெவ்வேறு குடும்பங்களின் படுக்கையறைகளுக்கு நடுவே அதையே ஒற்றை அடுக்காக வைப்பது போதாது.

எடையைக் கூட்ட முடியாத இடத்தில் சுவரை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்றையொன்று தொடாத இரண்டு சட்டங்களை நிறுத்தி, நடுவே உள்ள இடைவெளியில் ராக்வூல் (பாறை இழைக் கம்பளி) அல்லது கிளாஸ்வூலை (கண்ணாடி இழைக் கம்பளி) நிரப்பி, இருபுறமும் இரட்டை ஜிப்சம் பலகை அடித்தால், மிகக் குறைந்த எடையிலேயே 50 டெசிபலைத் தாண்டலாம். அந்தக் கம்பளி தனியாக ஒலியைத் தடுப்பதில்லை. இரு பலகைகளுக்கும் நடுவே அதிரும் காற்றின் ஆற்றலைத் தணிக்கிறது. இரு பலகைகளையும் ஒரே சட்டத்தில் அறைந்துவிட்டால், கம்பளி இருந்தாலும் சட்டத்தின் வழியாக அதிர்வு மறுபுறம் போய்விடும். இந்த நுணுக்கம் தெரியாமல், விலையுயர்ந்த பொருளை வாங்கி வீணாக்கிய கட்டுமான இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது இடுக்கு. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மீதிச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. இங்கேதான் நம் கட்டடங்கள் பெரிதும் தோற்கின்றன. உத்தரத்துக்கு அடியில் சாந்து நிரப்பாமல் விட்ட சந்து, ஒரே சுவரின் இருபுறமும் எதிரெதிராகக் குடைந்து பதித்த மின்பெட்டிகள், குழாய் நுழையும் துளையைச் சுற்றி அடைக்காத ஓட்டை, கதவுக்கடியில் அரை அங்குல இடைவெளி என்று ஒலி போவதற்கு வழிகள் நிறைய உள்ளன. பல தனியார் மருத்துவமனைகளின் ஆலோசனை அறைகளில் தடுப்புச் சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடும். அதற்கு மேலே உண்மையான தளம் வரை திறந்த வெளி. ஒரு பெண் தன் நோயைப் பற்றி மருத்துவரிடம் தயங்கித் தயங்கிச் சொல்வது, வெளியே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வார்த்தை பிசகாமல் கேட்கிறது. நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பதற்கு அந்தச் சுவரை இரண்டடி உயர்த்திக் கட்டி, விளிம்பைச் சிலிகானால் அடைத்தால் போதும். இதில் புதிய தொழில்நுட்பம் எதுவுமில்லை.

மேல்வீட்டிலிருந்து வரும் ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மக்களை மிகவும் வாட்டுவதும், நம் விதிகளும் ஒப்பந்தப்புள்ளிகளும் முற்றிலும் மறந்திருப்பதும் இதைத்தான். இடிகல்லில் இஞ்சி நசுக்குவது, குழந்தை குதிப்பது, கட்டிலை நகர்த்துவது ஆகியவை காற்றின் வழியாக வரும் ஒலிகள் அல்ல. கான்கிரீட்டை நேரடியாகத் தட்டி அதை அதிரச் செய்பவை. தளம் கனமாக இருந்தும் பயனில்லை, ஏனென்றால் அடி விழுவதே அதன்மேல்தான். முழுக் கான்கிரீட் சுவர்களோடு ஒரே வார்ப்பாக எழுப்பப்படும் இன்றைய கட்டடங்களில் அந்த அதிர்வு கீழ்வீட்டோடு நிற்காமல் பக்கவாட்டிலும் பரவுகிறது. கீழ்வீட்டார் எவ்வளவு செலவு செய்து தங்கள் கூரையில் எதை ஒட்டினாலும் பயன் மிகக் குறைவு. அதிர்வு தளத்துக்குள் நுழையும் இடத்திலேயே அதைத் தடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. கான்கிரீட் தளத்தின்மேல் மில்லிமீட்டர் கணக்கில் தடிமனுள்ள ரப்பர் விரிப்பையோ மூடிய துளைகளுள்ள பாலிஎத்திலீன் விரிப்பையோ பரப்பி, அதன்மேல் ஸ்கிரீட் (தரையைச் சமன்செய்யும் சாந்து அடுக்கு) போட்டு டைல்ஸ் ஒட்ட வேண்டும். விரிப்பு சுவரோரங்களில் டைல்ஸின் உயரம் வரை மடிந்து ஏற வேண்டும். ஸ்கிரீட் சுவரை எங்கும் தொடக்கூடாது. சுவரின் அடியோரம் ஒட்டும் ஸ்கர்ட்டிங் டைல்ஸுக்கும் தரை டைல்ஸுக்கும் நடுவே சாந்துக்குப் பதிலாக நெகிழும் பொருளைக் கொண்டு அடைக்க வேண்டும். ஓரிடத்தில் சாந்து வழிந்து சுவரைத் தொட்டால் அதுவே அதிர்வுக்குப் பாலமாகிவிடும். கொத்தனாருக்கு அரைநாள் விளக்கிக் காட்டினால் கற்றுக்கொண்டுவிடுகிறார். இதையே குடியேறிய பின் செய்ய வேண்டுமானால் மேல்வீட்டுத் தரை முழுவதையும் உடைக்க வேண்டும், அதற்கு மேல்வீட்டார் இசைய வேண்டும். துன்பப்படுபவர் ஒருவர், செலவழிக்க வேண்டியவர் மற்றொருவர் என்பதால், சந்தை தானாக இதைத் தீர்க்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. கட்டும்போதே செய்யச் சொல்லும் அதிகாரம் தங்களிடம்தான் இருக்கிறது.

விதி இல்லாத இடத்தைத் தவறான பொருள்கள் நிரப்பிவருவதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். தெர்மகோல் அட்டையையும் முட்டைத் தட்டையும் கூம்புக் கூம்பான ஃபோமையும் சுவரில் ஒட்டினால் பக்கத்து வீட்டு ஒலி நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படிச் சொல்லியே விற்கிறார்கள். ஃபோம் அறைக்குள் எழும் எதிர்முழக்கத்தை, அதாவது ஒலி சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்பி நீடிப்பதை, குறைக்கும். எடையே இல்லாத அது சுவரைக் கடக்கும் ஒலியைத் தடுக்காது. பணம் வீணாவதைவிடப் பெரிய ஆபத்து தீ. 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு கேளிக்கை விடுதியின் மேடைச் சுவரில் ஒலிக்காக ஒட்டியிருந்த ஃபோமில் வாணவேடிக்கைப் பொறி பட்டு 100 பேர் இறந்தனர். 2013ஆம் ஆண்டு பிரேசிலின் சாண்டா மரியா நகரில் அதே வகையில் 242 பேர், பெரும்பாலும் மாணவர்கள், நச்சுப் புகையில் மாண்டனர். 2004ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கூரையில் பற்றிய தீக்கு 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலம் நம்முடையது. ஆகவே ஒலிக்கான எந்த விதியும் தீக்கான விதியோடு சேர்ந்தே எழுதப்பட வேண்டும். பள்ளியிலும் மருத்துவமனையிலும் அரங்கிலும் எரியாத கனிமக் கம்பளியும் ஜிப்சமும் போன்ற பொருள்களையே அனுமதிக்க வேண்டும் என்பதில் சிறிதும் தளர்வு கூடாது. பொள்ளாச்சியிலும் பட்டுக்கோட்டையிலும் கிடைக்கும் தென்னை நாரும் ஒலியை உறிஞ்சக்கூடியதுதான். தீத்தடுப்புப் பக்குவம் செய்து, ஆய்வகத்தில் சோதித்துச் சான்று பெற்ற பின் அதற்கும் இடமளித்தால் நம் ஊர்த் தொழிலுக்கு நன்மை. சோதனை இல்லாமல் அதையும் ஏற்கக்கூடாது.

பள்ளிகளில் பிரச்சினை வேறு விதமானது. 7.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். சிமெண்டுப் பூச்சும் வழுவழுப்பான தரையும் உள்ள இந்த அறையை மூடி வைத்து, ஹார்வர்டு பேராசிரியர் சாபின் வகுத்த வாய்பாட்டின்படி கணக்கிட்டால், ஆளில்லாதபோது எதிர்முழக்கம் அடங்க ஏறத்தாழ 4 நொடி பிடிக்கும். 40 குழந்தைகள் உட்கார்ந்தாலும் ஒரு நொடிக்கு மேல் நீடிக்கும். ஆசிரியர் சொல்லும் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையை மூடிவிடுகிறது; பின்வரிசைக் குழந்தை ஊகித்துத்தான் கேட்கிறது. இத்தகைய வகுப்பறையில், ஆளில்லாத நிலையிலேயே எதிர்முழக்கம் 0.6 நொடிக்குள் அடங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தர அளவு. கூரையின் அடிப்புறம் முழுவதும் ஒலி உறிஞ்சும் எரியாத பலகைகளைப் பொருத்தினாலே அதே அறை அந்த அளவுக்கு அருகில் வந்துவிடுகிறது. நாள் முழுவதும் கத்திக் கத்திப் பாடம் நடத்தித் தொண்டை கட்டிப்போகும் ஆசிரியர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எந்தத் தலைமையாசிரியரைக் கேட்டாலும் சொல்வார்.

இதனால் படிப்பு மேம்படுமா என்ற கேள்விக்கு ஒரு விடையும் உண்டு. நியூயார்க்கில் உயர்மட்டப் பாதையில் ஓடும் ரயிலை ஒட்டிய ஒரு பள்ளியில், ரயில் பக்கத்து வகுப்பறைகளில் படித்த குழந்தைகள் மறுபக்கத்து அமைதியான அறைகளில் படித்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்ததை உளவியலாளர் ஆர்லின் பிரான்சாஃப்ட் 1975ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் காட்டினார். அதன்பின் தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டைகள் பொருத்தப்பட்டன, வகுப்பறைகளில் ஒலி உறிஞ்சும் கூரை போடப்பட்டது. 1981ஆம் ஆண்டு வெளியான தொடர் ஆய்வில் இரு பக்கத்துக் குழந்தைகளுக்கும் வேறுபாடு இல்லை. பறக்கும் ரயிலும் மெட்ரோவும் மேம்பாலங்களும் பள்ளிகளை உரசிச் செல்லும் சென்னைக்கு இதைவிடப் பொருத்தமான சான்று தேவையில்லை.

ஜன்னலை மூடிக்கொள்ளலாமே என்பவர்களுக்கு ஒரு சொல். மே மாதத்துச் சென்னையில் ஏசி இல்லாத வீட்டின் ஜன்னலை மூடச் சொல்வது நடக்காத காரியம். ரப்பர் பீடிங் வைத்த யுபிவிசி ஜன்னலும் இருவேறு தடிமனுள்ள இரட்டைக் கண்ணாடியும் நல்ல தீர்வுகளே. ஆனால் அவை ஏசிக்கு மின்கட்டணம் கட்ட முடிந்தவர்களின் தீர்வுகள். பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் அரசு கட்டித் தந்த வீடுகளில் வாழ்பவர்களுக்குக் காற்றும் வேண்டும், உறக்கமும் வேண்டும். ஹாங்காங்கில் பொதுக் குடியிருப்புகள் சிலவற்றில், வெளிக் கண்ணாடியின் திறப்பையும் உள் கண்ணாடியின் திறப்பையும் நேரெதிராக வைக்காமல் தள்ளி வைத்து, நடுவே காற்று வளைந்து வரும்படி அமைத்த ஜன்னல்களைப் பொருத்தியிருக்கிறார்கள். காற்று வரும், ஒலி குறையும். பால்கனியின் மேற்கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை பொருத்துவதும், படுக்கையறைகளைச் சாலைக்கு மறுபுறம் வைத்துத் திட்டம் வரைவதும் இதே வழியில் சேரும். கடைசியாகச் சொன்னதற்குச் செலவே கிடையாது.

தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், லிஃப்ட் இயந்திரம் ஆகியவற்றை அதிர்வு தாங்கும் ரப்பர் அல்லது ஸ்பிரிங் தாங்கிகளின்மேல் நிறுத்துவதையும், குழாய்களைச் சுவரில் பிடிக்கும் கிளாம்புகளில் ரப்பர் வைப்பதையும் விதியில் ஒரு வரியில் சேர்த்துவிடலாம்.

அளவைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள முறை பின்பற்றத் தக்கது என்று கருதுகிறேன். அங்கே புதிதாகக் கட்டப்படும் வீடுகளுக்கு நடுவே உள்ள சுவரும் தளமும் குறைந்தது 45 டெசிபல் ஒலியைத் தடுக்க வேண்டும். தளத்தைத் தட்டும் சோதனைக் கருவியின் ஒலி கீழ்வீட்டில் 62 டெசிபலைத் தாண்டக்கூடாது. இவற்றைக் கட்டி முடித்த கட்டடத்திலேயே சோதிக்கிறார்கள். ஒரே வகை வீடுகளில் பத்து வீடுகளுக்கு ஒரு தொகுதிச் சோதனை என்ற கணக்கில் செய்தால் போதும். இந்த 45க்கு ஒரு பொருள் இருக்கிறது. பக்கத்து வீட்டில் 75 டெசிபல் அளவில் தொலைக்காட்சி ஓடினால், அது நம் படுக்கையறையை 30 டெசிபலாக வந்தடையும். நல்ல உறக்கத்துக்குப் படுக்கையறையில் தொடர் ஒலி அதைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டு பரிந்துரைத்த அளவும் அதுவே. தடுப்பு 30 டெசிபல் மட்டுமே உள்ள சுவரானால் அங்கே 45 டெசிபல் கேட்கும்; வசனம்கூடப் புரியும்.

கட்டுமானச் செலவு கூடும் என்ற எதிர்ப்பு வரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2003ஆம் ஆண்டு மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டபோதும் இதே எதிர்ப்பு எழுந்தது. இன்று அந்தக் குழியும் குழாயும் இல்லாமல் வரைபடம் வரையும் பொறியாளர் இந்த மாநிலத்தில் இல்லை. விதி எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் எவரும் போட்டியில் பின்தங்கப் போவதில்லை. அளப்பதற்கு ஆள் இருக்கிறார்களா என்றும் கேட்பார்கள். தேவையான கருவிகள் சந்தையில் கிடைக்கின்றன. மண் பரிசோதனையையும் கான்கிரீட் கனசதுரச் சோதனையையும் பொறியியல் கல்லூரிகள் செய்துதருவதுபோல இதையும் பயிற்சி பெற்றுச் செய்துதர முடியும்.

தனியார் கட்டடங்களுக்கு விதி வருவதற்குக் காலம் எடுக்கலாம் என்பதை அறிவேன். அதுவரை காத்திராமல், தமிழ்நாடு வீட்டுவசதி வாரியமும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமும் பொதுப்பணித் துறையும் இனிமேல் வெளியிடும் ஒப்பந்தப்புள்ளிகளில் வீடுகளுக்கு இடையேயான சுவருக்கும் தளத்துக்கும் வகுப்பறைக் கூரைக்கும் ஒலி அளவைச் சேர்க்க வேண்டும் என்றும், ஒப்படைக்கும் நாளில் அளந்த முடிவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அரசின் சொந்தக் கட்டடங்களில் இதைத் தொடங்கச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். அதற்கான வரைவைத் தயாரிக்கும் குழுவில் ஒலியியல் அறிந்தவர்களோடு, தீயணைப்புத் துறையினரும், ஒரு பள்ளி ஆசிரியரும், அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஒருவரும் இடம்பெற வேண்டும். கட்டுமானத் தளங்களில் நான் சேர்த்து வைத்துள்ள விவரங்களையும் வரைபடங்களையும் அக்குழுவிடம் ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
குடியிருப்புக் கட்டடப் பொறியாளர் ஒருவர்,
சென்னை